நெல்லைப் பக்கம் கிராமத்தில் குடியேறுகிறீர்களா? ஊர்க் காரியங்களை எங்கிருந்து தொடங்குவது

ஊருக்குள் ஜேசிபி வந்து நிற்கிறபோதுதான் நம்மில் பாதிப் பேருக்கு ஒரு வேலை நடக்கப்போகிறது என்பதே தெரிகிறது. அதற்குப் பல மாதம் முன்னாலேயே தீர்மானம் எழுதி, ஒன்றிய அலுவலகத்தில் மதிப்பீடு போட்டு, ஒப்பந்தம் விட்டு எல்லாம் முடிந்திருக்கும். அப்புறம் போய் "இங்கே ஏன் தோண்டுகிறீர்கள்" என்று ஓட்டுநரிடம் சத்தம் போட்டு ஒன்றும் ஆகாது, அவர் சொன்ன இடத்தில் தோண்டுகிறார், அவ்வளவுதான்.

2022-ல் நான் குடும்பத்தோடு சேரன்மகாதேவி பக்கம் அம்மாவின் ஊருக்குத் திரும்பி வந்தேன். அடுத்த வருஷம் எங்கள் தெரு முனையில் ரோட்டை ஒரு அடி உயர்த்திப் போட்டார்கள். ஓடை ரோட்டைக் கடக்கிற இடத்தில் இருந்த பழைய கல்பாலத்தை எடுத்துவிட்டு இரண்டு சிமெண்டுக் குழாயைப் பதித்தார்கள். ரோடு பளபளவென்று இருந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையும் தூத்துக்குடியும் முங்கிய அந்த மழையில், இரண்டு குழாயையும் சருகும் முள்ளும் அடைத்துக்கொள்ள, கீழத்தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. அந்த ரோட்டு வேலைக்கான தாள்கள் எல்லாம் யார் கேட்டாலும் காட்டவேண்டிய இடத்தில்தான் இருந்தன. கேட்கத்தான் ஆளில்லை. அதற்குப் பிறகு தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை, புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். வேலையை விட்டுச் சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்கள், ஓய்வுபெற்று மனை வாங்கி வருகிறவர்கள், கல்யாணமாகி வந்தவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில், யாரிடம் எதைக் கேட்பது

கிராமத்தில் இரண்டு தனித்தனி நிர்வாகம் ஓடுகிறது. இது புரியாமல்தான் புதியவர்கள் முதல் ஆறு மாதம் வீணாக அலைகிறார்கள். ஒன்று ஊராட்சி: தெருவிளக்கு, குடிதண்ணீர், ஊருக்குள் உள்ள ரோடு, வாறுகால் (சாக்கடை), குப்பை, வீட்டுவரி, கட்டட அனுமதி. இதற்குத் தலைவர், வார்டு உறுப்பினர்கள், ஊராட்சிச் செயலர் உண்டு. செயலரை இன்னும் நிறைய ஊர்களில் கிளார்க் என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கு மேலே ஒன்றிய அலுவலகம், அங்கே பி.டி.ஓ. என்கிற வட்டார வளர்ச்சி அலுவலர், பொறியாளர், ஓவர்சியர். மற்றது வருவாய்த்துறை: பட்டா, புறம்போக்கு, ஆக்கிரமிப்பு, சான்றிதழ்கள். இதற்கு வி.ஏ.ஓ. என்கிற கிராம நிர்வாக அலுவலர், அவருக்கு உதவியாகத் தலையாரி, மேலே ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர், அதற்கு மேலே தாசில்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வி.ஏ.ஓ.விடமும், ஓடையை மறித்து வேலி போட்டுவிட்டார்கள் என்று ஊராட்சியிடம் மட்டும் போயும் நின்றால் இரண்டு இடத்திலும் பதில் கிடைக்காது.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஊராட்சியின் பெயரும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு ஊராட்சிக்குள் இரண்டு வருவாய்க் கிராமம் வரலாம், ஒரு வருவாய்க் கிராமம் இரண்டு ஊராட்சிக்குள் பிரிந்தும் கிடக்கலாம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு நெல்லை மாவட்டத்தில் 9 ஊராட்சி ஒன்றியங்களும் 8 வட்டங்களும் இருக்கின்றன, இவற்றின் எல்லைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஆகவே ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் ஊராட்சி, ஒன்றியம், வருவாய்க் கிராமம், குறுவட்டம் (ஆர்.ஐ.யின் எல்லை), வட்டம் ஐந்தையும் எழுதி வையுங்கள். எந்த மனுவும் இந்த ஐந்தில் ஒன்று தப்பினால் வேறு மேசைக்குப் போய்த் தூங்கும்.

கையோடு செய்யவேண்டிய இன்னொன்று வாக்காளர் பட்டியல். கிராம சபைக்கு உறுப்பினர் என்றால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறவர்தான். சென்னையிலோ பெங்களூரிலோ ஓட்டை வைத்துக்கொண்டு இங்கே வீடு கட்டி இருந்தால், சபையில் உங்களுக்கு உரிமையோடு பேச இடமில்லை. முகவரி மாற்றப் படிவம் 8 கொடுத்தால் போதும்.

ஊரின் தண்ணீரை நடந்து பாருங்கள்

இதற்கு ஒரு நாள் முழுதாக ஒதுக்குங்கள், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. நம் சீமையில் எந்த வளர்ச்சி வேலையும், எந்தத் தகராறும், கடைசியில் தண்ணீரில் வந்துதான் முட்டும். தாமிரபரணியில் 8 அணைக்கட்டு, அதிலிருந்து பிரிகிற 11 கால்வாய், அந்தக் கால்வாய்களால் பெருகுகிற குளங்கள், ஒரு குளம் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் மறுகால் வழியாகப் போய் அடுத்த குளத்துக்கு விழுகிற சங்கிலி. கோடகன் கால், பாளையங்கால்வாய், கன்னடியன் கால்வாய் என்று உங்கள் ஊர்த் தண்ணீர் எதிலிருந்து வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் என்றால் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் மழையை நம்பிய குளங்கள், பச்சையாறு, நம்பியாறு, கருமேனியாறு. 2009-ல் தொடங்கிய வெள்ளநீர்க் கால்வாய், அதாவது தாமிரபரணி கருமேனியாறு நம்பியாறு இணைப்பு, கன்னடியன் கால்வாயிலிருந்து திசையன்விளைப் பக்கத் தேரிக்காடு வரைக்கும் போகிறது. அந்த வழியில் நிலம் வாங்குகிறவர்கள் தங்கள் சர்வே எண் கையகப்படுத்தலில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

நடக்கும்போது என்ன பார்ப்பது? குளத்துக்குத் தண்ணீர் வருகிற கால் எது, வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடை எத்தனை, மறுகால் எந்தப் பக்கம், மறுகால் தண்ணீர் எந்த வழியாக அடுத்த குளத்துக்கோ ஆற்றுக்கோ போகிறது. இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம், ஏனென்றால் மறுகால் ஓடை பத்து வருஷத்தில் எட்டு வருஷம் காய்ந்து கிடக்கும். சீமைக் கருவேலம் மண்டி, பார்க்கிறவர்களுக்குச் சும்மா கிடக்கிற தரிசு மாதிரித் தெரியும். அதை நிரவித்தான் மனை போடுவார்கள், அதன் குறுக்கேதான் ரோடு உயரும்.

வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியப்பா என்னை அந்தக் குழாய் பதித்த இடத்துக்குக் கூட்டிப்போனார். அவர் ஒரு காலத்தில் எங்கள் குளத்தில் மடை திறந்து அடைக்கிற வேலை பார்த்தவர். கையில் இருந்த கம்பைக் குழாயின் வாயில் விட்டு அளந்தார், கம்பின் பாதிதான் உள்ளே நின்றது, மீதி முழுக்க வண்டல். "குளம் நெறஞ்சா மறுகால் தண்ணி எங்கன போவும்னு நெனைச்சிய? இந்த ஓடைலதான வரணும். அவ்ளோ தண்ணியையும் ரெண்டு கொழாய்க்குள்ள விட்டா அது எப்பிடிப் போவும் மக்கா?" என்றார். பழைய கல்பாலத்தின் கண் எவ்வளவு அகலம் என்று கேட்டேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டி, பாலத்துக்கு அடியில் மாட்டை ஓட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன் என்றார். ரோடு போட்டவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருக்கவேண்டும் என்று எனக்கும் அப்போது தோன்றியிருக்கவில்லை.

இப்படி ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். வயலில் கார், பிசானம் இரண்டு பூவும் (போகமும்) பயிரிட்ட சம்சாரிகள், ஆடு மேய்க்கிறவர்கள், குளத்தில் மீன் குத்தகை எடுத்தவர்கள், இவர்களோடு நடங்கள். போனில் படம் எடுத்து, எந்த இடம் என்று நோட்டில் குறியுங்கள். 2023 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வீட்டுச் சுவர்களில் இன்னும் கறை இருக்கும், அதையும் படம் எடுத்து வையுங்கள், பின்னால் மனுவோடு சேர்க்க இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

குளம் யாருடையது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன வயல், உள்ள குளம் நீர்வளத் துறையிடம் இருக்கும், ஊர்க்காரர்கள் இன்னும் பி.டபிள்யூ.டி. குளம் என்பார்கள். அதற்குக் கீழே என்றால் ஒன்றியத்தின் பொறுப்பு. கரை உடைந்தால், மடை பழுதானால், மனு எங்கே போகவேண்டும் என்பது இதை வைத்துத்தான்.

அப்புறம் தாள்

நடந்து பார்த்ததைத் தாளில் சரிபார்க்கவேண்டும். வருவாய்த்துறையின் "எங்கிருந்தும் எந்நேரமும்" இணையதளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் (ஒரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எல்லாம் பார்க்கலாம், ஒரு நிலம் புறம்போக்கா என்றும் அதிலேயே சரிபார்க்கலாம். அ-பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நேராக ர அல்லது ச என்று ஒரு எழுத்து இருக்கும். ர என்றால் ரயத்துவாரி, தனியார் நிலம். ச என்றால் சர்க்கார். குறிப்புப் பகுதியில் ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை, களம், மேய்ச்சல், மயானம் என்று எழுதியிருக்கும். உங்கள் மனைக்கு நாலு பக்கமும் உள்ள சர்வே எண்களையும் சேர்த்துப் பாருங்கள், உங்களுடையதை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.

1980-களில் நடந்த யுடிஆர் என்கிற நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போது பதிவுகளில் நிறைய தப்பு நுழைந்தது. பொதுப்பாதை தனியார் பட்டாவுக்குள் போயிருக்கும், ஒருவரின் நிலம் அண்ணன் தம்பி பெயரில் கிடக்கும். பழைய கிராம வரைபடத்தோடும் யுடிஆருக்கு முந்திய பதிவேட்டோடும் ஒப்பிட்டால்தான் இது தெரியவரும். எங்கள் ஓடையும் அப்படித்தான், வரைபடத்தில் தெளிவாக இருந்தது. புலப்படத்தை எடுத்துக்கொண்டு தலையாரி அண்ணாச்சியோடு சர்வே கல்லைத் தேடி அரை நாள் அலைந்தோம். கடைசியில் ஒரு முள்ளுப் புதருக்கு அடியில், மண்ணுக்கு வெளியே நாலு விரல் உயரம் மட்டும் தலை நீட்டிக்கொண்டு, அம்புக்குறி போட்ட கல் கிடைத்தது. அங்கிருந்து நாடாவைப் பிடித்தபோது ஓடையின் அகலத்தில் பாதி ரோட்டோரக் கொட்டகைக்குள் போயிருந்தது. அந்தக் கல்லைப் படம் எடுத்து வைத்ததுதான் பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது.

அதிகாரபூர்வமாக அளக்க வட்ட அலுவலகத்துக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கவேண்டும். நீங்களாக நாடா பிடித்து அளந்து பக்கத்துக்காரரோடு வாக்குவாதத்துக்குப் போகாதீர்கள்.

மனை வாங்குகிறவர்களுக்கு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்களே ஊரின் திட்டமிடல் சிக்கலுக்கு முதல் காரணமாகிவிடுகிறார்கள், தெரியாமல்தான். நான்குவழிச் சாலை ஓரமாக மஞ்சள் கல் ஊன்றி, கொடி கட்டி, "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்பார்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தருவது நகர் ஊரமைப்பு இயக்ககம், டி.டி.சி.பி. என்று எல்லோரும் சொல்வது. ஊராட்சி மட்டும் போட்ட முத்திரை போதாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி அங்கீகாரமில்லாத மனையைப் பதிய முடியாது, ஏற்கெனவே மனையாகப் பதிவானதாக இருந்தால் ஒழிய. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் போட்ட அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதி வந்தது, பழைய மனை வாங்கினால் அந்த வரன்முறை உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

அங்கீகார எண் இருக்கிறது என்றதும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். அங்கீகரித்த வரைபடத்தின் நகலை வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு மனைக்குள் நடங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், ரோடு போக மீதியில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு விடவேண்டும். அந்த இடத்தையும் ரோடுகளையும் தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்கு ஒப்படைக்கவேண்டும். எத்தனையோ இடங்களில் அந்தப் பூங்கா இடம் வரைபடத்தில் மட்டும் பச்சையாக இருக்கும், நேரில் போனால் அதிலும் கல் ஊன்றியிருக்கும். தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பூங்கா இடத்தின் சர்வே எண்ணுக்கே தனியாக ஒரு வில்லங்கம். செலவு ஒன்றும் பெரிதில்லை. வாங்கிய பிறகு மனைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து அந்த இடத்துக்கு வேலி போடச் சொல்லி ஊராட்சிக்கு மனு கொடுங்கள், பத்து வருஷம் கழித்துக் கொடுத்தால் அங்கே வீடு இருக்கும்.

வீடு கட்ட, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டுவதற்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. சுயசான்று என்றால் எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று நீங்களே கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று அர்த்தம், அதை மறக்கவேண்டாம். கழிவுநீர்த் தொட்டியை எங்கே வைக்கிறீர்கள், வீட்டுத் தண்ணீர் எந்த வாறுகாலில் போகும், அந்த வாறுகால் எங்கே முடிகிறது என்று கட்டுவதற்கு முன்னாலேயே யோசியுங்கள். நிறைய ஊர்களில் அது கால்வாயில் முடிகிறது, அதே கால்வாயில் படித்துறை இருக்கிறது, அங்கே பிள்ளைகள் குளிக்கிறார்கள்.

கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு சபை. மார்ச் 22 தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சி தினம், இவை இரண்டும் 2022-ல் சேர்ந்தவை. இந்த ஆறு நாளையும் நாட்காட்டியில் இப்போதே வட்டம் போடுங்கள், கல்யாணம் காதுகுத்து எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டுப் போகவேண்டிய நாள் இது. ஏழு நாள் முன்னால் அறிவிப்பும் கூட்டப் பொருளும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டவேண்டும்.

குறைந்தபட்ச வருகை என்று கணக்கு உண்டு: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. பல இடங்களில் இந்த எண்ணிக்கைக்காகவே ஆட்களைக் கூட்டி, கையெழுத்து வாங்கி, அரை மணியில் முடித்துவிடுகிறார்கள். நீங்கள் செய்யவேண்டியது இது. தீர்மானம் எழுதும் முன் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கோரிக்கையை முன்கூட்டியே தாளில் எழுதி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். சபையில் அதைப் படிக்கச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லி, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு எழுந்திருங்கள்.

மனு எப்படி எழுதுவது? "எங்கள் பகுதியில் சாலை வசதி, குடிநீர் வசதி, சுகாதார வசதி செய்து தருமாறு" என்று எழுதினால் அதை யாரும் எதுவும் செய்ய முடியாது. ஒரு மனுவில் ஒரு வேலை. எங்கள் மனு இப்படி இருந்தது: "கீழத்தெரு முனையில் இந்தச் சர்வே எண்ணில் உள்ள ஓடையின் குறுக்கே பதித்த இரண்டு குழாய்களை அகற்றிவிட்டு, மறுகால் தண்ணீர் தடையின்றிப் போகும் அகலத்தில் பாலம் அமைக்க மதிப்பீடு தயாரிக்கத் தீர்மானிக்கப்படுகிறது." கூடவே வெள்ளத்தின்போது எடுத்த படம், சர்வே கல்லின் படம், புலப்பட நகல். 2024 ஜனவரி 26 சபையில் கொடுத்தோம்.

அந்தச் சபைக்கு முன்னால் நான் ஒரு தப்புச் செய்யப் பார்த்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருக்காரர்கள் எட்டுப் பேரோடு மனுவை எழுதி முடித்துவிட்டு, சரி, போதும் என்று நினைத்தேன். வீட்டு வேலைக்கு உதவ வருகிற அக்கா கேட்டார்கள், "எங்க பக்கமும்தான் தண்ணி நின்னுச்சு, எங்ககிட்ட யாரும் கேக்கலியே?" அவர்கள் தெரு ஓடைக்கு அந்தப் பக்கம். தண்ணீர் அங்கே மூன்று நாள் நின்றிருக்கிறது, அதைவிட, மயானத்துக்குப் போகிற பாதையே அந்த ஓடையைக் கடந்துதான் போகிறது. மழைக்காலத்தில் ஒரு சாவு விழுந்தால் இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிப்போகவேண்டும். இது எனக்குத் தெரியவே தெரியாது. நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு சாதி பிரிந்து கிடக்கிறது, ஒரு தெருவின் கஷ்டம் அடுத்த தெருவுக்குத் தெரியாமலே தலைமுறை போய்விடும், புதிதாக வருகிறவர் எந்தத் தெருவில் வீடு பார்க்கிறாரோ அந்தத் தெருவின் கண்ணோடுதான் ஊரைப் பார்ப்பார். அந்த அக்காவும் அவர்கள் தெருப் பெண்கள் இருபது பேரும் சபைக்கு வந்து பேசினார்கள். தீர்மானம் நிறைவேறியது அவர்கள் பேசியதால்தான். எந்தத் திட்டத்துக்கும் மனு எழுதும் முன் ஊரின் எல்லாத் தெருவுக்கும் போய்வாருங்கள், முக்கியமாக உங்கள் உறவுக்காரர்கள் யாரும் போகாத தெருவுக்கு.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம்

வேலை கேட்கும்போது எந்த நிதியில் கேட்கிறோம் என்று தெரிந்தால் பேச்சு வேகமாக நகரும். 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப் போட்ட பணம், 40 சதவீதம்தான் ஊராட்சி தன் தேவைக்கு எடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள். ஆகவே "பணம் இருக்கே, பாலம் போடலாமே" என்றால் தலைவர் நிஜமாகவே முடியாது என்று சொல்லக்கூடும், அது சாக்கு இல்லை. நமக்கு நாமே திட்டத்தில் ஊர்மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும், வெளியூரில் இருக்கிற நம் ஆட்களிடம் வசூல் செய்ய நல்ல வழி. ஒவ்வொரு வருஷமும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்று ஒன்றைத் தயாரித்து இணையத்தில் ஏற்றுகிறார்கள், நீங்கள் கேட்கிற வேலை அந்தப் பட்டியலில் ஏறியதா என்று பாருங்கள். வீட்டுவரியை ஒழுங்காகக் கட்டிவிடுங்கள், ஊராட்சியின் சொந்த வருமானம் என்றால் அது போன்ற சிலதுதான்.

குவாரி, குப்பை போன்ற பெரிய விஷயங்கள்

ஊருக்குப் பக்கத்துப் பொத்தையில் (சிறு குன்றில்) கல்குவாரி வரப்போகிறது என்று காதில் விழுந்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தது நம் மாவட்டத்தில்தான். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்கு அனுமதி கூடாது என்பது கனிம விதி. பரப்பு 5 ஹெக்டேருக்கு மேல் போனால், 500 மீட்டருக்குள் உள்ள மற்ற குவாரிகளையும் கூட்டிக் கணக்கிட்டு, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும். 30 நாள் முன்னால் நாளிதழில் அறிவிப்பு வரும், ஒரு தமிழ் நாளிதழிலும் வரவேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் ஆட்சியர் அலுவலகத்தில் பார்க்கக் கிடைக்கவேண்டும். அதில் "அருகில் நீர்நிலை இல்லை" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். நீங்கள் நடந்து போட்ட தண்ணீர் வரைபடம் இங்கேதான் உதவும். கூட்டத்தில் பேச நேரம் கிடைக்காதவர்கள் எழுத்தில் கொடுக்கலாம். கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும் என்பது விதி, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று யாரும் அதற்கு முன் கலைந்துபோகாதீர்கள்.

2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளாவிலிருந்து வந்த மருத்துவக் கழிவைக் கொட்டியிருந்தது ஞாபகம் இருக்கும். மக்கள் பார்த்துச் சொல்லி, செய்தி பரவி, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, அதே மாதம் லாரிகளில் திருப்பி ஏற்றிப் போனார்கள். இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் படத்தில் தேதியும் இடமும் தெரிகிற மாதிரி எடுங்கள், கழிவைக் கையால் தொடாதீர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆட்சியர், காவல் நிலையம் மூன்றுக்கும் ஒரே நாளில் எழுதுங்கள்.

தீர்மானம் போட்டும் வேலை நடக்காவிட்டால்

திங்கட்கிழமை தோறும் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம். தீர்மான நகலோடு போங்கள், கூட்டமாகப் போகத் தேவையில்லை, மூன்று பேர் போதும். மனு எண் கொடுப்பார்கள், அதை வைத்துத் தொடருங்கள். 1100 என்கிற முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம். பட்டா, பாதை, ஆக்கிரமிப்பு சம்பந்தமானது என்றால் வருஷத்துக்கு ஒருமுறை வட்ட அலுவலகத்தில் நடக்கிற ஜமாபந்தியை, அதாவது வருவாய்த் தீர்வாயத்தை, விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் மே, ஜூனில் வரும். உங்கள் கிராமத்துக்கு என்று ஒரு தேதி இருக்கும், அன்றைக்குக் கிராமத்தின் பதிவேடுகள் எல்லாம் ஒரே மேசையில் விரிந்திருக்கும். நீர்நிலை ஆக்கிரமிப்பு என்றால் மனுவில் 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தையும், நீர்வளத் துறையின் (பழைய பி.டபிள்யூ.டி.) குளமாக இருந்தால் 2007-ம் ஆண்டு குளங்கள் பாதுகாப்புச் சட்டத்தையும் குறிப்பிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒன்றியப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதவேண்டியதுதான். 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு. "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்லமாட்டார்கள். நகல் கேளுங்கள். நாங்கள் கேட்டது மூன்று: அந்த ரோட்டு வேலையின் மதிப்பீடு, வரைபடம், எம்.புக் என்கிற அளவுப் புத்தகத்தின் நகல். முதல் தடவை பதில் வரவில்லை, மேல்முறையீட்டில் வந்தது. மதிப்பீட்டில் ஓடையின் குறுக்கே பாலம் என்றே இருந்தது, பதித்ததோ குழாய். பணி நடக்கிற இடத்தைப் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு, நிறையப் பேருக்கு இது தெரியாது.

அந்த நகலை அடுத்த கிராம சபையில் வாசித்தோம். யாரையும் திட்டவில்லை, வாசித்தோம், அவ்வளவே. ஒன்றியத்திலிருந்து பொறியாளர் வந்து பார்த்தார். பெரியப்பா அவரையும் கம்போடு குழாய்க்குக் கூட்டிப்போனார். ஒன்றரை வருஷம் ஆயிற்று, ஆனால் குழாய்களைத் தோண்டி எடுத்துவிட்டு, ஆள் குனியாமல் போகிற உயரத்துக்குப் பாலம் போட்டுவிட்டார்கள். கான்கிரீட் போட்ட அன்றைக்கு ஓடைக்கு இரண்டு பக்கத்துத் தெருக்காரர்களும் வந்து நின்றார்கள், பெரியப்பா காலையிலேயே நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டார். பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் ஓடையில் கருவேலமும் வண்டலும் இன்னும் அப்படியே கிடக்கிறது, கொட்டகையை அளந்து எடுக்கவும் பாக்கி. இரண்டுக்கும் தனித்தனி மனு எழுதி நகல் எடுத்து வைத்தாயிற்று, மே 1 சபையில் கொடுக்கவேண்டும்.